அடக்கம் செய்த உடலைத் தோண்டி எடுக்கலாமா?

போன வாரம் இன்பாக்ஸில் ஒரு சகோதரர் கேட்டிருந்தார்.

"டாக்டர், எங்க அத்தா தம்மாம்ல வேலை பார்த்துட்டு இருந்தாங்க. மூணு மாசம் முன்னாடி மாரடைப்புல மவுத்தாயிட்டாங்க. அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க. அம்மா சரியா சாப்பிடுறது கூட இல்ல. முகத்தைப் பாக்கலையேன்னு அழுதுட்டே இருக்காங்க. உடலை எடுத்து ஊருக்குக் கொண்டு வந்து நம்ம மையவாடியில அடக்கம் பண்ண முடியுமா? மார்க்கத்துல கூடுமா? மெடிக்கலா முடியுமா?"

இதை ஏன் டாக்டர்கிட்ட கேக்குறார்னு சிலருக்குத் தோணலாம். ஆனா அடக்கம் செய்த உடலைத் தோண்டி எடுக்கும் இடத்தில் அரசாங்கம் நிறுத்தி வைக்கும் ஆட்களில் டாக்டரும் ஒருத்தர். நானும் ஒரு முறை நின்றிருக்கிறேன்.

அந்த சகோதரருக்கு நான் கொடுத்த பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் நின்ற அந்த மையவாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளமான பதிவு. பொறுமையாகப் படிக்கவும்.

எம்பிபிஎஸ் முடித்து அரசுப் பணியில் சேர்ந்த புதிது. ஒரு தாலுகா மருத்துவமனை. காலை ஏழு மணி இருக்கும், நைட் டூட்டி முடிகிற நேரம். ஒரு ஆட்டோவில் நாலு பேர் ஒரு இளைஞரைத் தூக்கி வந்தார்கள். வயது 27. அரிசி ஆலையில் நெல் ஊறப்போடும் தொட்டிப் பக்கம் வேலை. "திடீர்னு விழுந்துட்டாப்ல சார், நெஞ்சு வலின்னு நினைக்கிறோம்" என்றார்கள்.

நாடித்துடிப்பு இல்லை. கண்மணி விரிந்திருந்தது. இசிஜி எடுத்தேன், நேர்கோடு. கொண்டு வரும்போதே இறந்திருந்தார்.

27 வயது. முன்பு எந்த நோயும் இல்லை. வேலை செய்யும் இடத்தில் மரணம். ஆடையெல்லாம் ஈரம். வலது உள்ளங்கையில் பருப்பு அளவுக்கு வெளிறிய, நடுவில் குழிந்த ஒரு தடம். மின்சாரம் பாய்ந்ததாக இருக்குமோ என்று ஒரு நொடி தோன்றியது. இப்படிப்பட்ட மரணத்தில் ஏ.ஆர். போட்டு, காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பி, உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு வைக்க வேண்டும். படித்த படிப்பு அதைத்தான் சொன்னது.

அதற்குள் உறவினர்கள் வந்துவிட்டார்கள். ஜமாஅத் பெரியவர் ஒருவர் என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, நீங்களும் நம்ம புள்ளதானே. மையத்தை அறுக்க விடலாமா? உசுரோட இருக்கவனை அறுத்தா எப்படியோ அப்படித்தான் தம்பி இதுவும். ளுஹருக்குள்ள அடக்கிடுறோம். எழுதிக் குடுத்துருங்க."

அவர் கெட்டவர் இல்லை. ஊரில் யார் வீட்டு மையத்துக்கும் முதல் ஆளாக நின்று குழி வெட்ட ஏற்பாடு செய்கிறவர். ஆலை ஆட்கள் ஓரமாக நின்று, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் இறப்புச் சான்று எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் போலீஸுக்குத் தகவலும் அனுப்பவில்லை. ரெஜிஸ்டரில் "கொண்டு வரும்போதே இறப்பு" என்று ஒரு வரி எழுதிவிட்டு, அவர்கள் உடலைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தபடி நின்றேன். உள்ளங்கைத் தடத்தை எங்கேயும் குறிக்கவில்லை. இது முழுக்க என் தவறு. அனுபவமின்மை என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. தைரியமின்மை என்பதுதான் சரி.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்த ஒரு சக தொழிலாளி, சோறு சாப்பிட்ட கையோடு இறந்தவரின் மச்சானிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். தொட்டி மோட்டாரில் ஒரு வாரமாகவே கரண்ட் கசிவு. தொட்டால் சுர்ரென்று அடிக்கும். சொல்லியும் சரி செய்யவில்லை. அன்று காலை ஈரக் கையோடு ஸ்விட்சைப் போட்டவர் அப்படியே விழுந்துவிட்டார்.

அந்த வீட்டில் ஒரு மூன்று வயதுக் குழந்தை. மனைவி ஐந்து மாத கர்ப்பம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-லேயே வந்தது. வேலையினால் விபத்தில் இறந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். ஆனால் அது வேலையினால் வந்த மரணம் என்று காட்ட வேண்டும். பிரேதப் பரிசோதனை அறிக்கை எங்கே என்று கேட்டார்கள். இல்லை.

மச்சான் மனு கொடுத்தார். தாசில்தார் உத்தரவு வந்தது. கபரைத் தோண்டி உடலைப் பரிசோதிக்க வேண்டும். அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 176(3). இப்போது பி.என்.எஸ்.எஸ். 196-இல் அந்த அதிகாரம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரியிலிருந்து தடயவியல் மருத்துவப் பேராசிரியர் வருவார், உள்ளூர் மருத்துவமனை சார்பில் நான் உதவ வேண்டும்.

முதல் நாள் இரவு எனக்கு ஒரு போன். அந்த மனைவி. இத்தாவில் இருப்பவர், வெளியே வரவில்லை. அண்ணன் போனிலிருந்து பேசினார்.

"அண்ணே, ஒண்ணு மட்டும் கேக்கணும். நாளைக்கு தோண்டும்போது அவருக்கு வலிக்குமா?"

மருத்துவராக எனக்குப் பதில் தெரியும். வலி என்பது நரம்பும் மூளையும் சேர்ந்து செய்கிற வேலை, அது நின்றுவிட்டது. அதைச் சொன்னேன். அவர் கேட்டது அது இல்லை என்பதும் எனக்குத் தெரியும். "மார்க்கத்துல பாவம் இல்லையா அண்ணே? என்னோட பணத்துக்காக அவரைத் தோண்டுறாங்கன்னு ஊர்ல பேசுறாங்க" என்றார்.

போனை வைத்துவிட்டு, சின்ன வயதில் எனக்கு ஓதிக் கொடுத்த ஹஜ்ரத்தை அழைத்தேன். இரவு பத்து மணி. எண்பதைத் தொட்ட மனிதர். தூக்கத்திலிருந்து எழுந்து கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பேசினார். அன்று அவர் சொன்னதைப் பிறகு நான் தேடிப் படித்தும் சரிபார்த்துக்கொண்டேன்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஹதீஸ் ஒன்றுதான். இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடு இருப்பவரின் எலும்பை முறிப்பது போன்றது. அபூதாவூதில் இருக்கிறது. அன்று காலை பெரியவர் என்னிடம் சொன்னதும் இதிலிருந்து வந்ததுதான். இப்னு மாஜாவில் வரும் ஒரு அறிவிப்பில் "பாவத்தில்" என்ற சொல் கூடுதலாக இருக்கிறது என்றார் ஹஜ்ரத். அதாவது இழிவு செய்வதன் குற்றம் இரண்டிலும் ஒன்று என்பதுதான் பொருள். "உசுரோட இருக்கவன் வயித்தை நீ ஆபரேஷன் பண்றியே, அது இழிவா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன்.

பிறகு அவர் ஒரு நபித்தோழரின் கதையைச் சொன்னார். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி). நபிமொழிகளை எழுதி வைத்த அதே பெயர்க்காரர் வேறு, இவர் ஜாபிர் (ரலி) அவர்களின் தந்தை. ஹிஜ்ரி 3-இல், அதாவது 625-இல் உஹது போரில் கொல்லப்பட்டார். கடனையும் ஒரு வீடு நிறையப் பெண் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போனார்.

அந்த ஒரு உடலைச் சுற்றியே இந்தச் சட்டம் பாதி இருக்கிறது.

முதலில், அவருடைய சகோதரி, ஜாபிருக்கு அத்தை, உடலை மதீனாவுக்குக் கொண்டு வந்தார். நம் குடும்ப மையவாடியில் அடக்கலாம் என்ற ஆசை. உஹதில் இறந்தவர்களை அவர்கள் விழுந்த இடத்துக்கே திருப்பிக் கொண்டு போங்கள் என்று நபி (ஸல்) அவர்களின் அறிவிப்பு வந்தது. திருப்பிக் கொண்டு போனார்கள்.

அங்கே அவரை இன்னொருவரோடு ஒரே குழியில் அடக்கினார்கள். அன்று இறந்தவர்கள் அதிகம், குழி வெட்ட உடம்பில் தெம்பு இல்லை. ஜாபிருக்கு மனம் ஒப்பவில்லை. ஆறு மாதம் கழித்துத் தோண்டி எடுத்து, தந்தையைத் தனிக் கபரில் வைத்தார். காதுப் பக்கம் சிறிது தவிர, வைத்த நாளில் இருந்தது போலவே உடல் இருந்தது என்கிறார். புகாரியில் உள்ளது. (இதற்கு மருத்துவ விளக்கம் கேட்டு யாரும் கமென்ட் போட வேண்டாம். நம்பிக்கையின் விஷயத்தை நம்பிக்கையாக விட்டுவிடுகிறேன்.)

பல வருடம் கழித்து வெள்ளம் அந்தக் கபரை அரித்தது. மறுபடியும் தோண்டி இடம் மாற்றினார்கள். உஹதுக்கும் அந்த நாளுக்கும் இடையில் 46 வருடம் என்று இமாம் மாலிக் முவத்தாவில் எழுதுகிறார்.

ஒரே மனிதர். பாசத்துக்காகத் தூக்கி வந்தபோது திருப்பி அனுப்பப்பட்டார். கபருக்கு ஆபத்து வந்தபோது மாற்றப்பட்டார். நடுவில் மகன் செய்த காரியத்தை வைத்துத்தான் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு. தகுந்த காரணம் இருந்தால் போதும் என்று ஹன்பலிகள் கொஞ்சம் விரிவாக எடுத்தார்கள். மாலிக்கிகளும் உடல் சிதையக் கூடாது, கண்ணியம் குறையக் கூடாது, மாற்றுவதில் ஒரு நன்மை இருக்க வேண்டும், இந்த நிபந்தனைகளோடு அனுமதிக்கிறார்கள்.

நம்ம ஊர்ப் பக்கம் உள்நாட்டில் பெரும்பாலும் ஹனஃபி, கடலோர ஊர்களில் ஷாஃபி. இந்த இரண்டும் இறுக்கமானவை.

ஹனஃபியில், மண் தள்ளியாகிவிட்டால் திறக்கக் கூடாது. ஒரே விலக்கு, இன்னொரு மனிதனுடைய உரிமை உள்ளே சிக்கியிருந்தால். அடுத்தவன் நிலத்தில் அனுமதியில்லாமல் அடக்கியிருந்தால், கஃபன் துணி அபகரித்ததாக இருந்தால், குழிக்குள் யாருடைய பணமோ பொருளோ விழுந்துவிட்டால். ஒரே ஒரு திர்ஹம் விழுந்திருந்தாலும் திறக்கலாம் என்கிறார்கள். குளிப்பாட்டாமல் அடக்கிவிட்டோம், கிப்லா பக்கம் திருப்பாமல் வைத்துவிட்டோம் என்றால் கூடத் திறக்க வேண்டாம் என்பவர்கள், ஒரு திர்ஹத்துக்குத் திறக்கலாம் என்கிறார்கள்.

ஷாஃபியில் குளிப்பாட்டாமல் அடக்கியிருந்தாலும், கிப்லா மாறியிருந்தாலும், உடல் அழுகாத வரை திறந்து சரி செய்ய வேண்டும். அடுத்தவர் பொருளை விழுங்கிவிட்டு ஒருவர் இறந்துவிட்டால், உரியவர் கேட்டால் வயிற்றைத் திறந்து எடுக்கலாம் என்பது வரை அவர்கள் நூல்களில் பேசியிருக்கிறார்கள். கர்ப்பிணி இறந்து, வயிற்றில் குழந்தை உயிரோடு இருக்கும் என்று நம்பிக்கை இருந்தால் வயிற்றைத் திறந்து குழந்தையை எடுக்க வேண்டும் என்பதும் உண்டு. ஸ்கேன் இல்லாத காலத்தில் எழுதியவர்கள்.

இமாம் நவவி ஒரு இடத்தில் சொல்வது எனக்குப் பிடிக்கும். ஒரு கபரில் உடல் முழுக்க மண்ணாகிவிட்டதா, அந்த இடத்தில் இன்னொருவரை அடக்கலாமா என்பதை யார் முடிவு செய்வது? அந்தந்த ஊர் மண்ணைப் பற்றி அனுபவம் உள்ளவர்களைக் கேளுங்கள் என்கிறார். மணல் ஒரு கணக்கு, களிமண் ஒரு கணக்கு. எங்கள் தடயவியல் பாடத்திலும் முதலில் கேட்பது மண்ணைத்தான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஹஜ்ரத், அந்தப் பொண்ணுக்கு என்ன சொல்ல?" என்றேன்.

"ஒரு திர்ஹத்துக்குத் தோண்டலாம்னு எழுதி வச்சிருக்காங்கப்பா. யத்தீம் புள்ளையோட சோறு அதுக்குள்ள கிடக்கு. அவ பணத்துக்காகத் தோண்டலை. அந்தப் புள்ளைங்க ஹக்கு. அவகிட்ட அப்படிச் சொல்லு" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனா இதை மண்ணு போடுறதுக்கு முன்னாடியே பார்த்திருக்கணும். அன்னைக்கு டூட்டியில யாரு இருந்தா?" என்று கேட்டார்.

நான்தான் என்று சொன்னேன். அவர் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் தொடங்கினோம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதால் காலையில்தான் செய்வது வழக்கம். தாசில்தார், விஏஓ, போலீஸ், பேராசிரியர், நான், மையவாடியில் குழி வெட்டும் பெரியவர். கபர் எது என்று அடையாளம் காட்டியது அவரும் மச்சானும். சுற்றித் தார்ப்பாய் கட்டியாயிற்று. ஜமாஅத் பெரியவர் தார்ப்பாய்க்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்.

நம் அடக்க முறையில் பெட்டி கிடையாது. கஃபன் சுற்றி, வலப்பக்கமாகச் சாய்த்து, மேலே பலகை அடுக்கி மண் தள்ளுவது. அந்த மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கியிருந்தது. திறந்த வெளியில் ஒரு வாரத்தில் நடக்கும் சிதைவு, தண்ணீரில் இரண்டு வாரமும் மண்ணுக்குள் எட்டு வாரமும் எடுக்கும் என்று தடயவியலில் ஒரு பழைய கணக்கு உண்டு. இது ஐம்பத்திரண்டாவது நாள்.

விவரிக்கப் போவதில்லை. எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு விஷயம், வலது உள்ளங்கை. சிதைவில் கையின் தோல் கையுறை கழல்வது போலக் கழன்றுவிடும். கழன்றிருந்தது. அந்தப் பருப்பளவு தடம் இருந்த இடமே இல்லை.

விஷம் என்றால் வாய்ப்பு இருந்திருக்கும். ஆர்சனிக் முடியிலும் எலும்பிலும் வருடக்கணக்கில் தங்கும். அதனால்தான் கபரின் மேலும் கீழும் பக்கவாட்டிலும் மண் மாதிரி எடுப்பார்கள், விஷம் மண்ணிலிருந்து வந்ததா உடலில் இருந்ததா என்று பார்க்க. கழுத்தை நெரித்திருந்தால் தொண்டை எலும்பு முறிவு சொல்லிவிடும். மண்டை உடைந்திருந்தால் பல வருடம் கழித்தும் தெரியும். நம் நாட்டில் தோண்டியெடுத்துப் பரிசோதிக்கக் கால வரம்பு இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் மின்சாரம் விட்டுப் போகும் அடையாளம் தோலில்தான். தோல் போனால் எல்லாம் போயிற்று.

"சிதைவு காரணமாக இறப்புக்கான காரணத்தைத் தீர்மானிக்க இயலவில்லை." அறிக்கையின் கடைசி வரி.

உடலை மறுபடி வெள்ளைத் துணியில் சுற்றி, அதே குழியில், அதே பக்கம் திருப்பி வைத்தோம். மண் தள்ளும்போது ஜமாஅத் பெரியவர் எழுந்து வந்து மூன்று பிடி மண் போட்டார். என்னைப் பார்த்தார். அன்று காலை மருத்துவமனையில் பார்த்த மாதிரி இல்லை.

ஆலை தரப்பு வக்கீலுக்கு அந்தக் கடைசி வரி போதுமானதாக இருந்தது. வழக்கு இழுத்தது. நான் மாற்றலாகி வந்துவிட்டேன். கடைசியாகக் கேள்விப்பட்டபோது, கோர்ட்டுக்கு வெளியே ஒரு தொகை பேசி வாங்கிக்கொண்டதாகச் சொன்னார்கள். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

இதற்குப் பிறகு பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று யார் வந்து நின்றாலும் நான் சண்டைதான். ஒளிக்காமல் சொல்கிறேன், என் சமூகத்து ஆட்களோடு அதிகமாகவே சண்டை.

மார்க்கத்தின் பெயரால் கேட்கப்படும் அந்தச் சலுகை மார்க்கத்திலேயே இல்லை. கபர் மூடினால் திறக்காதே என்பது சட்டம். அப்படியென்றால் மூடுவதற்கு முன்னால் உள்ளே யாருடைய உரிமையாவது போகிறதா என்று பார்ப்பது யாருடைய பொறுப்பு? சீக்கிரம் அடக்குங்கள் என்றுதான் சொல்லப்பட்டிருக்கிறது. என்ன நடந்தது என்று பார்க்காமல் அடக்குங்கள் என்று இல்லை. குற்றச் சந்தேகம் இருந்தால் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று சவூதியின் மூத்த அறிஞர்கள் சபை 1976-லேயே தீர்மானித்துவிட்டது. ஐம்பது வருடம் ஆகப் போகிறது. நம் ஊர் ஆஸ்பத்திரி வாசலில் மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை.

பயத்தில் பாதி, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததால் வருவது. "எல்லாத்தையும் எடுத்துட்டு வைக்கோலைத் திணிச்சுத் தருவாங்க" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. அப்படி இல்லை. பரிசோதித்த உறுப்புகளை உள்ளேயே வைத்துத் தைத்துவிடுவோம். விஷச் சந்தேகம் இருந்தால் இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றிலிருந்து ஆய்வுக்குத் தேவையான பகுதி மட்டும் போகும். தைத்த பிறகு தாராளமாகக் குளிப்பாட்டலாம், கஃபன் இடலாம். பெண் உடலுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்றால் கேளுங்கள், இருந்தால் ஏற்பாடு செய்வார்கள்.

நேரம் ஆகும் என்பது நியாயமான கவலை. மாலை மங்கினால் மறுநாள்தான் என்ற பழைய விதியை 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் தளர்த்தியது. வசதி உள்ள மருத்துவமனைகளில் இரவிலும் செய்யலாம். கொலை, தற்கொலை போன்ற சந்தேக மரணங்களுக்கு அந்தத் தளர்வு பொதுவாகப் பொருந்தாது. டெல்லி எய்ம்ஸில் அதே ஆண்டு சிடி ஸ்கேன் மூலம் உடலைத் திறக்காமல் பரிசோதிக்கும் முறையைத் தொடங்கினார்கள். இது எல்லா மாவட்டத்துக்கும் வர வேண்டும் என்று ஜமாஅத்துகள் மனு கொடுத்தால் முதல் கையெழுத்து நான் போடுகிறேன். "அறுக்காம குடுங்க" என்று கேஷுவாலிட்டியில் கெஞ்சுவதை விட அது பிரயோஜனமான வேலை.

இன்னொன்று. பிரேதப் பரிசோதனை வேண்டுமா வேண்டாமா என்பது குடும்பம் முடிவு செய்கிற விஷயமே இல்லை. விசாரணை செய்யும் போலீஸ் அதிகாரியோ மாஜிஸ்திரேட்டோ முடிவு செய்வது. டூட்டி டாக்டரிடம் கெஞ்சினால் அந்த டாக்டர் என்னைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியாக இருந்தால்தான் பலிக்கும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அரசாங்கம் தன் விருப்பத்துக்கு எங்கேயோ அடக்கிவிட்டு, "அதான் அடக்கியாச்சே, கபரைத் தொடக் கூடாதாமே, உங்க மார்க்கமே சொல்லுதே" என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

2021 நவம்பர் 15-ஆம் தேதி ஸ்ரீநகரின் ஹைதர்போராவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களைக் குடும்பத்திடம் தராமல், ஊரிலிருந்து தூரமாக வடக்கே கொண்டு போய் அடக்கினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றே நாளில் இரண்டு உடல்களைத் தோண்டி எடுத்துக் குடும்பங்களிடம் கொடுத்தார்கள். மூன்றாவது ஒரு இளைஞர். அவர் தந்தை மகனின் உடலைக் கேட்டு நீதிமன்றம் போனார். உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2022 மே மாதம் தோண்டிக் கொடுக்கச் சொன்னார். மேல்முறையீட்டில் அது நின்றுபோனது. 2022 செப்டம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்தையின் மனுவைத் தள்ளுபடி செய்தது. பல மாதங்கள் ஆகிவிட்டன, உடல் சிதைந்திருக்கும், அடக்கியவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. கபருக்குப் போய் பிரார்த்தனை செய்துகொள்ள அனுமதி கிடைத்தது. தோண்டியெடுப்பது பற்றி ஒரு சட்டம் இயற்றுவதை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்றும் நீதிமன்றம் சொன்னது.

சிதைந்திருக்கும் என்பது மருத்துவ ரீதியாகச் சரி. நான் மறுக்க முடியாது. ஆனால் மூன்றாவது நாளில் இரண்டு பேருக்கு முடிந்தது மூன்றாமவருக்கு ஏன் முடியவில்லை என்பதற்குச் சிதைவு பதில் இல்லை. நாட்கள் ஓடியது அந்தத் தந்தையின் தாமதத்தால் இல்லை. உரிமை உள்ளே மாட்டியிருந்தால் திறக்கலாம் என்று சொன்ன சட்டத்தில், திறக்காதே என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் அது மார்க்கத்தை மதிப்பது ஆகாது.

இந்தத் தவிப்பு முஸ்லிம்களுக்கு மட்டுமானதும் இல்லை. எங்கள் துறையைச் சேர்ந்த மூத்த நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்க விடாமல் விரட்டினார்கள், ஆம்புலன்ஸை அடித்தார்கள். நள்ளிரவில் வேலங்காட்டில் சக மருத்துவர் ஒருவர் தன் கையால் மண் தள்ளி அடக்கினார். கீழ்ப்பாக்கத்துக்கே மாற்ற வேண்டும் என்று அவர் மனைவி உயர் நீதிமன்றம் வரை போனார். அதைப் பிடிவாதம் என்று பேசியவர்கள் உண்டு. கல்லெறிந்து துரத்தப்பட்ட மனிதருக்கு உரிய இடம் எது என்று கேட்பது எனக்குப் பிடிவாதமாகத் தெரியவில்லை.

சரி, தம்மாம் சகோதரருக்கு வருகிறேன்.

அவருக்கு நான் எழுதியது இதுதான். உங்கள் அத்தாவின் மரணத்தில் சந்தேகம் எதுவும் இல்லை, மருத்துவமனையில் இறந்திருக்கிறார். குளிப்பாட்டி, தொழுகை நடத்தி, முறையாக அடக்கியிருக்கிறார்கள். யாருடைய உரிமையும் உள்ளே மாட்டவில்லை. மருத்துவ ரீதியாக, பெட்டியில்லாமல் மண்ணில் வைத்த உடல், மூன்று மாதம், அம்மா பார்க்க விரும்பும் முகம் அங்கே இருக்காது. இதை எழுதக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் எழுதினேன். அங்கே கபர்களில் பெயர்க் கல் வைப்பதில்லை, எது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

மார்க்கத்தைப் பொறுத்தவரை உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள், நான் முஃப்தி இல்லை. ஆனால் இப்னுல் ஹுமாம் என்ற ஹனஃபி அறிஞர் சரியாக இதே கேள்வியை எழுதி வைத்திருக்கிறார். ஒரு தாய். மகன் வேறு ஊரில், அவள் இல்லாதபோது அடக்கப்பட்டுவிட்டான். அவளால் பொறுக்க முடியவில்லை, தன் ஊருக்கு மாற்ற ஆசைப்படுகிறாள். கூடாது என்பதில் அறிஞர்கள் ஒன்றுபட்டிருக்கிறார்கள் என்று எழுதுகிறார். ஏறத்தாழ அறுநூறு வருடம் ஆன எழுத்து. அப்போதே இப்படி ஒரு தாய் வந்து கேட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏன் எழுதப் போகிறார்கள்?

வளைகுடாவில் குடும்பத்தார் இருப்பவர்கள் இதை மட்டும் மனதில் வையுங்கள். உடலை ஊருக்குக் கொண்டு வர வேண்டும் என்றால் அதை முடிவு செய்ய வேண்டிய நேரம் அடக்கத்துக்கு முன்னால். அங்கே அடக்கம் செய்ய ஒப்புதல் கேட்டு உங்களுக்குப் போன் வரும்போது, அழுகையில் "சரி" என்று சொல்லிவிடாதீர்கள். மனைவியிடம், தாயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கொண்டு வருவதே ஷாஃபி மத்ஹபில் கூடாது என்பார்கள், சீக்கிரம் அடக்குவதுதான் சிறந்தது என்பார்கள், அதுவும் சரிதான். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் வீட்டில் இருக்கும் பெண்களிடம் கேட்டு எடுங்கள். அந்தச் சகோதரரின் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. ஆண்கள் போனில் பேசி முடித்திருக்கிறார்கள். அவர் சாப்பிடாமல் இருப்பதில் பாதி அதற்காக என்பது என் கணிப்பு. அவரை ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறேன், சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டாராம்.

நேற்று அவர் பதில் போட்டிருந்தார். அத்தாவுடன் வேலை பார்த்த ஒரு மலையாளி நண்பர் வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து அந்த மையவாடிக்குப் போயிருக்கிறார். வரிசை வரிசையாக மண் மேடுகள். அடக்கத்தில் நின்றவர் என்பதால் எந்த வரிசை, எத்தனையாவது என்று அவருக்கு நினைவிருந்தது. பக்கத்தில் நின்று துஆ செய்து, வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார்.

அம்மா அதைப் பார்த்துவிட்டு, "தலைமாடு எந்தப் பக்கம்னு அந்தப் புள்ளகிட்ட கேளு" என்றாராம்.

- அரசு மருத்துவர்